எதைத் திருப்பினோம்?



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவியவர் பள்ளி ஆசிரியராக வாழ்ந்தவர். பேச்சாளருக்கு அவர் விட்டுச்சென்ற நிபந்தனை ஒன்றே ஒன்று: அறிவியலில் கடினமான ஒரு பொருளைத் தமிழில் சொல்ல வேண்டும், அதன் கடினத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதைப் படித்தபோதே இன்றைய பொருள் முடிவாகிவிட்டது. முதுகலை முதலாண்டில் நான் தடுக்கி விழுந்த இடம் அது. பிறகு ஆசிரியராக நின்ற ஆண்டுகள் முழுவதும், புதிதாக வரும் மாணவர்கள் அதே இடத்தில் தடுக்குவதைப் பார்த்துவந்தேன். குவாண்டம் இயக்கவியலில் செயலிகள் எப்படி உருமாறுகின்றன என்பதுதான் அந்தப் பொருள்.

செயலி என்றதும் இன்று எல்லோருக்கும் கைப்பேசி நினைவுக்கு வரும். கணிதத்தில் அதற்குப் பொருள் வேறு. ஒரு நிலையை வாங்கிக்கொண்டு இன்னொரு நிலையைத் தருவது செயலி. ஓர் எலக்ட்ரானிடம் நாம் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு செயலி உண்டு. எங்கே இருக்கிறாய் என்பதற்கு இடச் செயலி, எவ்வளவு உந்தம் என்பதற்கு உந்தச் செயலி. அந்தக் கேள்விக்கு வரக்கூடிய விடைகள் எல்லாம் செயலியின் ஐகன் மதிப்புகளாக அதற்குள்ளேயே இருக்கின்றன. நிலை என்பது பொருளைப் பற்றியது, செயலி என்பது கேள்வியைப் பற்றியது. இந்த இரண்டையும் மனத்தில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏதோ ஒன்றைத் திருப்புகிறோம், அல்லது நகர்த்துகிறோம். அந்த உருமாற்றத்தை ‘உ’ என்போம். அதைப் பழைய நிலைக்கு மீட்பதை ‘மீ’ என்போம். செயலியை ‘அ’ என்போம். நான் படித்த ஒரு புத்தகம், உருமாறிய செயலி ‘உ அ மீ’ என்றது. நூலகத்தில் அடுத்த அடுக்கிலிருந்த இன்னொரு புத்தகம் ‘மீ அ உ’ என்றது. இரண்டும் நல்ல புத்தகங்கள். இரண்டிலும் நிலை உருமாறும் விதம் ஒன்றுதான்: நிலைக்கு முன்னால் ‘உ’ வந்து உட்காரும். செயலிக்கு மட்டும் ஏன் இரண்டு விதி? ‘ஒன்றை மனப்பாடம் செய்துகொள், தேர்வுக்குப் போதும்’ என்று அப்போது எனக்குச் சொல்லப்பட்டது. அப்படியே செய்தேன். தேர்வில் சைனுக்கு முன்னாலிருந்த குறி மாறிப்போனது. மதிப்பெண் போனதைவிட, ஏன் மாறியது என்று தெரியாமல் வீடு திரும்பியதுதான் நெடுநாள் உறுத்தியது.

பதில் நம் பேச்சிலேயே இருக்கிறது. மதுரையை நெருங்கும் பேருந்தில் நடத்துநர் எழுந்து, ‘மாட்டுத்தாவணி வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்க’ என்று குரல் கொடுக்கிறார். தமிழில் ஊர்தான் நம்மிடம் வருகிறது. நாம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம் என்றும் சொல்லலாம், அதுவும் பிழையில்லை. இரண்டு பேச்சிலும் பயணிக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒன்றேதான். ஆனால் ஒரே வாக்கியத்தின் பாதியில் ஊரையும் மறுபாதியில் பயணியையும் நகர்த்தினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். தேர்வில் நான் செய்தது அதைத்தான்.

மிக எளிய உருமாற்றமான நகர்த்தலை எடுத்துக்கொள்வோம். ஒரு துகளை வலப்பக்கம் 3 செ.மீ. நகர்த்துகிறோம், தரையில் கிடக்கும் அளவுகோலைத் தொடவில்லை. துகளின் சராசரி இடம் 3 கூடும். சராசரியைக் கணக்கிட இடச் செயலியின் இருபுறமும் நிலையை வைக்கிறோம். வலப்புறத்து நிலையோடு ‘உ’ ஒட்டிக்கொண்டு வருகிறது, இடப்புறத்து நிலையோடு ‘மீ’ வருகிறது. நடுவில் நிற்பது ‘மீ அ உ’. அதைப் பிரித்துப் பார்த்தால் ‘இடம் கூட்டல் 3’ என்ற செயலி கிடைக்கும். இங்கே நாம் செயலியை மாற்றவே இல்லை. நிலையின் மாற்றத்தைச் செயலியின் தலையில் ஏற்றி எழுதினோம், அவ்வளவே.

இப்போது துகளை விட்டுவிட்டு, அளவுகோலை வலப்பக்கம் 3 செ.மீ. தள்ளுங்கள். அதன் பூச்சியமும் தள்ளிப் போய்விட்டது. அதே துகளுக்கு அது இப்போது 3 குறைவாகக் காட்டும். தள்ளிவைத்த அளவுகோலுக்கு உரிய செயலிதான் ‘உ அ மீ’. கணக்கிட்டால் ‘இடம் கழித்தல் 3’ என்றே வருகிறது. துகளையும் அளவுகோலையும் சேர்த்துத் தள்ளினால்? உ-வும் மீ-யும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பழைய எண்ணே வரும். வரத்தான் வேண்டும், ஆய்வகத்தையே அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் சோதனையின் முடிவு மாறக் கூடாது.

ஆக, என்னுடைய இரண்டு புத்தகங்களும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தன. ஒன்று துகளை நகர்த்தியது, மற்றொன்று கருவியை நகர்த்தியது. இரண்டுமே தாம் எதை நகர்த்துகிறோம் என்பதை ஓரிடத்தில் சொல்லித்தான் இருந்தன. முன்னுரையைத் தாண்டிச் சூத்திரத்துக்கு ஓடிய எனக்கு அது கண்ணில் படவில்லை.

கருவிக்கு ஏன் இருபுறமும் ஒட்டு என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் தலையணை உறையைக் காட்டுவேன். உறை தைப்பவர்கள் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுகிறார்கள், தையல் போடுகிறார்கள், மறுபடி புரட்டுகிறார்கள். புரட்டு, தை, மீளப் புரட்டு: இந்த மூன்றும் சேர்ந்ததுதான் உள்தையல் என்ற ஒரே வேலை. ‘உ அ மீ’ என்பதையும் அப்படியே வலமிருந்து இடமாகப் படியுங்கள். திருப்பப்பட்ட கருவியின் வேலையைச் செய்ய வேண்டுமானால் முதலில் நிலையை மீட்டுப் பழைய திசைக்குக் கொண்டுவா, பழைய கருவியின் வேலையைச் செய், பிறகு எல்லாவற்றையும் திருப்பிவிடு. தையல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் மாறுகிறது, தையலின் எண்ணிக்கை மாறுவதில்லை. செயலியிலும் அப்படியே, ஐகன் மதிப்புகள் ஒன்றுகூட மாறாது.

திசையைத் திருப்பும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1922-ல் பிராங்க்பர்ட்டில் ஓட்டோ ஸ்டெர்னும் வால்டர் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியாக அனுப்பினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்தது. அந்தக் காந்தம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் ஸ்பின் என்ன என்ற கேள்வியைக் கேட்கிறது. கிழக்கைப் பார்க்கும் காந்தத்தை இடஞ்சுழியாக 90 பாகை திருப்புங்கள்; அது வடக்கைப் பார்க்கும். கிழக்குச் செயலி வடக்குச் செயலியாகிவிட்டது. குறைக்குறி எதுவும் இல்லை. காந்தத்தை விட்டுவிட்டு அணுவைத் திருப்புங்கள். வடக்கு நோக்கியிருந்த அணு இப்போது மேற்கு நோக்கும். அதன் புதிய கிழக்குக் கூறு, பழைய வடக்குக் கூறின் குறை. இங்கே குறைக்குறி வந்துவிட்டது. சைனுக்கு முன்னால் எனக்கு மாறிப்போன குறி இதுதான்.

உருமாற்றம் என்ற இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1925 ஜூனில், தும்மலும் கண்ணீருமாக மகரந்த ஒவ்வாமையால் அவதிப்பட்ட ஹைசன்பர்க், செடிகொடி குறைந்த ஹெல்கோலாண்ட் தீவுக்குப் போனார். அங்கே உருவான கணக்கில் இரண்டு அளவுகளைப் பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறியது. அது அவருக்கே சங்கடமாக இருந்தது. கட்டுரையை வாங்கிப் படித்த மாக்ஸ் போர்னுக்கு, தாம் பிரெஸ்லாவில் மாணவராக இருந்தபோது ரோசானஸ் என்ற ஆசிரியரிடம் கற்ற அணிகள் நினைவுக்கு வந்தன. உதவிக்கு முதலில் பவுலியைக் கேட்டார். இயற்பியலைக் கணிதத்தில் மூழ்கடிக்கப் பார்க்கிறீர்கள் என்று பவுலி மறுத்துவிட்டார். பிறகு 22 வயது பாஸ்குவல் யோர்டான் சேர்ந்துகொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் போர்ன், ஹைசன்பர்க், யோர்டான் மூவரும் எழுதிய கட்டுரையில் ‘உ அ மீ’ மையமாக வந்து நின்றது. ஆற்றலின் அணியை இருபுறமும் ஒட்டி உருமாற்றி, மூலைவிட்டத்தில் மட்டும் எண்கள் மிஞ்சும்படி செய்தால் அந்த எண்கள்தான் அணுவின் ஆற்றல் படிகள். மறுத்துவிட்ட பவுலியே, 1926 ஜனவரியில் இதே அணிகளைக் கொண்டு ஹைட்ரஜனின் படிகளைக் கணக்கிட்டுக் காட்டினார். கோட்டிங்கெனில் போர்னின் கல்லறைக் கல்லில் இன்றும் பொறிக்கப்பட்டிருப்பது உந்தமும் இடமும் வரிசை மாறினால் வரும் வேறுபாட்டின் சமன்பாடுதான்.

1926 இறுதியில் கோபன்ஹேகனில் தங்கியிருந்த டிராக், யோர்டானும் தனியே அதே முடிவுக்கு வந்துகொண்டிருந்த வேளையில், இதைப் பொதுமைப்படுத்தினார். ஹைசன்பர்க்கின் அணிகளும் ஷ்ரோடிங்கரின் அலைகளும் ஒரே பொருளின் இரண்டு பார்வைகள், நடுவில் இருப்பது ஓர் உருமாற்றம் என்றார். தம் பணிகளிலேயே தமக்கு மிகவும் பிடித்தது இது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவருடைய எலக்ட்ரான் சமன்பாட்டைவிட இதுதான் ஒரு மாணவருக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்கிறது.

காலம் நகர்வதும் ஓர் உருமாற்றமே. ஷ்ரோடிங்கர் நிலையை நகர விட்டுச் செயலியை நிறுத்திவைத்தார். ஹைசன்பர்க் நிலையை நிறுத்திவிட்டுச் செயலியை ‘மீ அ உ’ என்று நகரவிட்டார். ஊசலாடும் துகளுக்கு ஹைசன்பர்க் வழியில் எழுதினால் இடச் செயலி நியூட்டனின் ஊசலைப் போலவே கோசைனும் சைனுமாக ஆடுகிறது. இதை முதன்முதலில் கரும்பலகையில் எழுதிப் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. சுண்ணக்கட்டியைக் கீழே வைக்க மனம் வரவில்லை. இதே இடத்தில் ஒரு குழியும் உண்டு. அடர்த்தி அணி என்று ஒன்று வரும். பார்க்கச் செயலி மாதிரியே இருக்கும். ஆனால் அது நிலையைக் குறிப்பது. ஆகவே ‘உ’ இடப்புறமும் ‘மீ’ வலப்புறமுமாகவே அது நகரும். அதனால் அதன் சமன்பாட்டில் குறி ஹைசன்பர்க்கின் சமன்பாட்டுக்கு நேர் எதிராக இருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்து அதைத் திருத்திக்கொண்ட மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த விதிகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஹைட்ரஜனின் இரண்டு நிலைகளைக் காட்டுகிறேன். இரண்டாம் படியில் 2எஸ், 2பி என்று நிலைகள் உண்டு. ஆற்றல் கிட்டத்தட்ட சமம். 2பி-யில் ஏறிய எலக்ட்ரான் சராசரியாக 1.6 நானோ விநாடியில் ஒரு போட்டானை உமிழ்ந்து அடிநிலைக்கு இறங்கிவிடுகிறது. 2எஸ்-இல் ஏறியதோ ஏறத்தாழ 0.12 விநாடி அங்கேயே தங்குகிறது. ஏழு கோடி மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு! காரணம் ஒரு திருப்பத்தில் இருக்கிறது. ஒற்றைப் போட்டானை உமிழ்ந்து வழக்கமான முறையில் இறங்க, இடச் செயலி அந்த இரண்டு நிலைகளையும் இணைத்தாக வேண்டும். அந்த இணைப்பு ஓர் எண். இப்போது எல்லாவற்றையும் செங்குத்து அச்சைச் சுற்றி 180 பாகை திருப்புங்கள். 2எஸ் நிலையும் அடிநிலையும் உருண்டையானவை, அப்படியே இருக்கும். கிழக்கு-மேற்கு இடச் செயலி மட்டும் ‘மீ அ உ’ விதிப்படி குறி மாறும். அந்த எண் தன் குறைக்கே சமமாகிறது. அப்படிப்பட்ட எண் பூச்சியம் ஒன்றுதான். மற்றத் திசைகளுக்கும் தகுந்த அச்சை எடுத்துத் திருப்பினால் இதே முடிவு. ஒரு தொகையீடுகூடப் போடவில்லை, எலக்ட்ரானின் அலை வடிவத்தைக்கூட எழுதவில்லை. வழி அடைபட்டிருப்பது தெரிந்துவிட்டது.

வழி அடைபட்ட எலக்ட்ரான் பிறகு எப்படி இறங்குகிறது? இரண்டு போட்டான்களைச் சேர்த்து உமிழ்ந்து இறங்குகிறது. அப்படி நடக்க முடியும் என்ற கோட்பாட்டை போர்னிடம் ஆய்வு மாணவியாக இருந்த மரியா கோப்பெர்ட் 1930-ல் தம் முனைவர் ஆய்வேட்டில் நிறுவினார். 1940-ல் பிரெய்ட்டும் டெல்லரும் ஹைட்ரஜனுக்கு அதைப் பொருத்திக் கணக்கிட்டார்கள். 1951-ல் ஸ்பிட்சரும் கிரீன்ஸ்டீனும் கோள் நெபுலாக்களில் தெரியும் தொடர் ஒளியின் ஒரு பங்கை இந்த இரட்டைப் போட்டான்களைக் கொண்டு விளக்கினார்கள். இறக்கும் விண்மீன்களைச் சுற்றிய வாயுவில் அந்த மங்கிய ஒளி இருப்பதற்கு, ஒரு செயலி 180 பாகையில் குறி மாறுவது காரணமாக இருக்கிறது. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

180 பாகையோடு நிற்காமல் 360 பாகை திருப்பினால்? அரை ஸ்பின் கொண்ட துகளின் நிலை பழையபடி திரும்புவதில்லை, தன் குறையாகிவிடுகிறது. முழுதாக மீள 720 பாகை வேண்டும். செயலிகளுக்கு இது தெரியவே தெரியாது. ‘உ’ ஒரு குறைக்குறியைக் கொண்டுவந்தால் ‘மீ’ இன்னொன்றைக் கொண்டுவந்து அழித்துவிடும். எந்தச் செயலியின் சராசரியிலும் தெரியாத இந்தக் குறி வெறும் எழுத்துக் கணக்குதானா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 1975-ல் ஐரோப்பாவில் ரவுக் குழுவினரும் அமெரிக்காவில் வெர்னர், கொலெல்லா, ஓவர்ஹாசர் குழுவினரும் சிலிக்கான் படிகத்தால் நியூட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியின் ஸ்பின்னை மட்டும் காந்தப்புலத்தில் சுழற்றி, இரண்டையும் மறுபடி சேர்த்தார்கள். சேர்ந்த இடத்தின் செறிவு 360-ல் பழையபடி வரவில்லை, 720-ல் வந்தது. இங்கேயும் பாருங்கள், திருப்பியது பாதியை மட்டும்தான். முழுவதையும் திருப்பியிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

இதுவரை சொன்ன எல்லா உருமாற்றங்களும் யூனிட்டரி வகை. 1932-ல் விக்னர் வேறு ஒன்றைச் சந்தித்தார். காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் உருமாற்றம் அது. படச்சுருளைத் தலைகீழாக ஓட்டினால் பந்து இருக்கும் இடங்கள் அப்படியே இருக்கும், வேகம் மட்டும் எதிர்த்திசையில் தெரியும். ஆகவே இடச் செயலி மாறக் கூடாது, உந்தச் செயலி குறி மாற வேண்டும். ஆனால் ‘இடம் பெருக்கல் உந்தம்’ என்பதிலிருந்து ‘உந்தம் பெருக்கல் இடம்’ என்பதைக் கழித்தால் கற்பனை எண்ணான ஐ-யை 2π-யால் வகுத்த பிளாங்க் மாறிலியால் பெருக்கிய அளவு வர வேண்டுமே. இடப்பக்கம் குறி மாறிவிட்டது. வலப்பக்கத்தில் மாறக்கூடியது எது? பிளாங்க் மாறிலி ஓர் எண், அது அசையாது. ஐ-தான் குறை ஐ-யாக வேண்டும். நாம் கல்போல அசையாதது என்று நினைத்த கற்பனை எண்ணையே கவிழ்க்கும் இந்த உருமாற்றத்தை எதிர்-யூனிட்டரி என்கிறார்கள். செயலிகள் மாறும் விதத்தை மட்டும் நேர்மையாகப் பின்தொடர்ந்தாலே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. உந்தச் செயலியைக் கொண்டுதான் இடத்தை நகர்த்தும் ‘உ’-வைக் கட்டுகிறோம். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நகர்த்தலாம். அப்படியானால் ஆற்றலோடு அதே உறவு கொண்ட காலச் செயலி ஒன்று இருந்தால்? அதைக் கொண்டு ஆற்றலை எவ்வளவு வேண்டுமானாலும் மேலும் கீழும் நகர்த்திவிடலாம். ஆனால் ஹைட்ரஜனுக்கு அடிநிலை என்று ஒரு தரை இருக்கிறது, மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட், அதற்குக் கீழே எதுவும் இல்லை. ஆகவே அப்படி ஒரு காலச் செயலி இருக்க முடியாது என்று 1933-ல் பவுலி ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். இந்த வாதத்தின் கணித நிபந்தனைகள் பற்றிப் பிறகு விவாதம் நடந்திருக்கிறது, விதிவிலக்குகளும் காட்டப்பட்டிருக்கின்றன. ஆயினும் அதன் மையம் நிற்கிறது.

அப்படியென்றால் இடத்துக்குச் செயலி உண்டு, காலத்துக்கு இல்லை. இரண்டையும் சமமாக நடத்தும் ஐன்ஸ்டைனின் சார்பியலுக்கு இது பொருந்துமா? பொருந்தாது. குவாண்டம் புலக் கோட்பாடு இதைத் தீர்த்த விதம், இடத்தையும் செயலி என்ற தகுதியிலிருந்து இறக்கிக் காலத்தோடு சேர்த்து வெறும் முகவரியாக்கியதுதான். அங்கே ஒவ்வொரு முகவரியிலும் இருக்கும் புலம்தான் செயலி. அந்தப் புலத்தைத் திருப்பும்போது முகவரியும் திரும்புகிறது. ஒரு புத்தகத்தில் நேராகவும் இன்னொரு புத்தகத்தில் மறுதலையாகவும். முனைவர் படிப்புக்குப் போகிறவர்கள் முதல் பருவத்திலேயே அந்த இரண்டு பக்கங்களையும் காண்பீர்கள். அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள்.